சாமி மாமா கொடுத்த பாடுபட்ட சுரூபம்

அம்மாவின் மூத்த அண்ணன் குருவானவர். மற்றவர்களுக்குச் சாமி, எங்களுக்குச் சாமி மாமா. பெங்களூர் உயர்மறைமாவட்டத்தில் பல பங்குகளில் ஊழியம் செய்து, முட்டி தேய்ந்து, கண் மங்கி, ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே இருந்தபோது தன்னிடமிருந்த பழைய பாடுபட்ட சுரூபம் ஒன்றை, அதாவது அறையுண்ட ஆண்டவருடைய உருவம் உள்ள சிலுவை ஒன்றை, என்னிடம் ஒப்படைத்தார். குடும்பத்தில் ஒரு சாமியார் இருந்தால் இப்படி ஒரு பொருள் என்றைக்காவது உங்கள் வீட்டுக்கும் வரும். செபமாலையோ, குருக்கள் தினமும் சொல்லும் கட்டளைச் செபப் புத்தகமோ, குருப்பட்டத்தின்போது தாய் தகப்பன் நகையை அழித்துச் செய்துபோட்ட பூசைப் பாத்திரமோ, ஏதாவது ஒன்று. அதை எப்படி வாங்கிக்கொள்வது, எப்படி வைத்துக்கொள்வது, எதற்குப் பயன்படுத்துவது என்று அவரிடமும் பிறரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

சுரூபம் ஒரு சாண் நீளம். கருங்காலி மரச் சிலுவை, சுற்றிலும் பித்தளைப் பட்டை, உச்சியில் ஒரு வளையம். ஆண்டவருடைய உருவமும் பித்தளைதான். பாதத்துக்குக் கீழே குட்டியாக ஒரு மண்டையோடும் இரண்டு குறுக்கெலும்புகளும் இருக்கும். ஆதாமைப் புதைத்த இடத்தின்மேல்தான் சிலுவை நடப்பட்டது என்ற பழைய நம்பிக்கையை ஒட்டி ஐரோப்பாவில் இப்படிச் செய்வது வழக்கம். வீட்டுப் பிள்ளைகள் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். ஆண்டவர் முகத்தில் மூக்கு தேய்ந்து போயிருக்கிறது. முழங்கால்கள் வழுவழுப்பாகிவிட்டன. பாதங்களில் ஆணி எது, விரல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நூறு வருஷத்துக்கு மேலாக முத்தி செய்து, அதாவது முத்தமிட்டு முத்தமிட்டு, இப்படி ஆகியிருக்கிறது. இடது முனையில் உள்ள பித்தளைக் குப்பி மட்டும் கொஞ்சம் வேறு நிறம். பழையது எங்கோ விழுந்துவிட, சிவாஜிநகரில் ஒரு பட்டறையில் புதிதாகச் செய்து மாட்டினார்களாம்.

இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த ஒரு பிரெஞ்சுச் சாமியார். முதல் உலகப் போருக்கு முன்பு கப்பலேறியவர் என்று மாமா சொல்வார். 1658இல் தொடங்கிய சபை அது. புறப்படும் குருக்களை வரிசையாக நிற்கவைத்து, அங்கே தங்குகிறவர்கள் அவர்களுடைய பாதங்களை முத்தி செய்து வழியனுப்புவது அந்தக் காலத்தில் பாரீஸில் அவர்கள் முறை. போகிறவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வந்ததில்லை. பெங்களூரில் கிறிஸ்தவ வேதம் வளர்ந்ததில் இந்தச் சபையாருக்குப் பெரிய பங்கு உண்டு. சிவாஜிநகர் ஆரோக்கிய அன்னை கோவிலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுச் சாமியார் ஆபே துபுவா காலத்துச் சின்ன ஆலயம், கிளைனர் சாமியார் முயற்சியில் கோத்திக் கோபுரத்தோடு பெரிய கோவிலாகி 1882இல் மந்திரிக்கப்பட்டது, அதாவது செபம் சொல்லி ஆசீர்வதிக்கப்பட்டது. 1973இல் பசிலிக்காவாக, அதாவது பாப்பரசர் சிறப்புப் பட்டம் தந்த கோவிலாக, உயர்ந்தது. 1809இல் கன்டோன்மென்ட் அமைந்தபின் பட்டாளத்தை ஒட்டிப் பிழைக்க வந்த தமிழ்ச் சனங்கள் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்ததும், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் வாங்கியதும் பெரும்பாலும் இந்தப் பிரெஞ்சுச் சாமிமார்களிடம்தான். அவர்களும் தமிழ் படித்து, தமிழில் பிரசங்கம் வைத்தார்கள்.

அந்தப் பிரெஞ்சுச் சாமியார் வயதான காலத்தில் தன்னோடு இருந்த தமிழ் உதவிச் சாமியாரிடம் சுரூபத்தைக் கொடுத்தார். 1940இல் மைசூரிலிருந்து பிரிந்து பெங்களூர் தனி மறைமாவட்டமாகிச் சில வருஷம் கழித்து அது நடந்தது என்பது மாமாவின் கணக்கு. அந்தத் தமிழ்ச் சாமியார் பின்னால் பங்குச்சாமி ஆனார். அவரிடம் உதவியாக இருந்த என் மாமாவுக்கு 1970களில் அதைக் கொடுத்தார். கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே காரியத்துக்குத்தான் கொடுத்தார்கள். அது அவஸ்தைக்கு, அதாவது சாகக்கிடப்பவரிடம், கொண்டு போகிற சுரூபம்.

நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனத்தை இன்று 'நோயில் பூசுதல்' என்கிறோம். எங்கள் பாட்டி காலத்தில் 'அவஸ்தை பூசுதல்'. ராத்திரி எத்தனை மணியானாலும் கதவைத் தட்டி, "சாமி, அவஸ்தை" என்றால் போதும். மாமா நோயாளர் எண்ணெய், தேவநற்கருணை, இந்தச் சுரூபம் மூன்றையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் புறப்படுவார், பிற்காலத்தில் ஸ்கூட்டரில். மர்பி டவுன், ஹலசூர், லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன் என்று அவர் போகாத சந்து இல்லை. பூசி முடித்ததும் சுரூபத்தை நோயாளியின் கையில் கொடுத்துவிட்டு, விடியும்வரை வீட்டாரோடு உட்கார்ந்திருப்பாராம். அவசரமாக வேறு அழைப்பு வந்தால் சுரூபத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவார். அடக்கத்துக்குப் பிறகு யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒருமுறைகூடத் தொலைந்ததில்லை.

இதுவரை குருவிடமிருந்து குருவுக்குப் போன பொருளை என்னிடம் ஏன் கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். மாமா யோசித்து வைத்திருந்தவர்போல உடனே சொன்னார்: "பாப்பா, இப்ப எல்லாரும் ஆசுபத்திரியில சாகுறாங்க. சாமியார் வந்து பூசிட்டுப் போயிடுவார், அவருக்கு இன்னும் நாலு வார்டு இருக்கும். கடைசி மூச்சு வரைக்கும் பக்கத்துல இருக்கிறது வீட்டு ஆளுங்கதான். சாகப்போறவங்க கையில இருக்க வேண்டியது இது. பீரோவுல வெச்சுப் பூட்டிடாத."

தன் பூசைப் பாத்திரத்தை அவர் அதற்கு முன்பே ஒரு புதுக்குருவுக்குக் கொடுத்திருந்தார். அது சரியான முடிவு. பூசைப் பாத்திரம் பீடத்துக்கு உரியது, வீட்டு அலமாரியில் அலங்காரமாக நிற்கக் கூடாது. மந்திரிக்கப்பட்ட வழிபாட்டுப் பொருள் தனி ஆளின் கையில் இருந்தாலும் அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 1171 சொல்கிறது. உங்களுக்கு அப்படி ஒரு பாத்திரம் வந்தால், முலாம் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, ஏதாவது ஏழைப் பங்குக்கோ குருமடத்துக்கோ கொடுங்கள். உள்பக்கம் பொன்முலாம் பூசிவிட்டால் திரும்பவும் பூசைக்கு ஆகும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, பொருள் உண்மையில் யாருடையது என்பது. துறவற சபைச் சாமியார் என்றால், சேசு சபையோ சலேசிய சபையோ, ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர். சபையின் பெயரால் அவருக்குக் கிடைத்தது சபைக்குத்தான் சேரும். மேலாளரின் அனுமதி இல்லாமல் அவரால் கொடுக்க முடியாது, நாமும் வாங்கக் கூடாது. மறைமாவட்டக் குருக்களுக்குச் சொந்தமாகப் பொருள் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. ஆனால் அவர்களிடமும் பங்கின் சாமான், சொந்தச் சாமான் இரண்டும் கலந்து கிடக்கும். பங்குக் கோவிலின் இருப்புப் பட்டியலில் உள்ள எதையும் தொடவே கூடாது. மாமா ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, இல்லத்துப் பொறுப்புக் குருவையும் சாட்சிக் கையெழுத்துப் போடவைத்தார். இது என் சொந்தப் பொருள், இன்னாரிடமிருந்து எனக்கு வந்தது, இன்ன காரியத்துக்காக என் தங்கை மகளுக்குக் கொடுக்கிறேன் என்று இருக்கும். மாமா போனபின் உறவுக்குள் பேச்சு எழுந்தபோது அந்தத் தாள்தான் என்னைக் காப்பாற்றியது.

அடுத்தது, கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே கதையைப் பதிவு செய்துவிடுங்கள். நான் போனைப் பக்கத்தில் வைத்து மாமாவைப் பேசச் சொன்னேன். காலையில் பேசினால் ஞாபகம் தெளிவாக இருக்கும், மதியம் தூக்கம் வந்துவிடும் என்பதைக் கவனித்துக் காலையிலேயே போவேன். யார் கொடுத்தது, எந்தப் பங்கில், எந்த வருஷவாக்கில், எங்கே பழுது பார்த்தது என்று எல்லாம் கேட்டேன். முன்பக்கம், பின்பக்கம், ஓரங்கள், பழுதான இடம் எல்லாவற்றையும் ஓர் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்தேன். எழுதியதன் ஒரு பிரதி சுரூபத்தோடு இருக்கிறது, இன்னொன்றைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

சுரூபத்தின் பின்பக்கம் சின்னத் திருகாணி போட்ட ஒரு மூடி இருக்கிறது. உள்ளே புனிதர்களின் திருப்பண்டம், அதாவது அவர்களுடைய எலும்புத் துணுக்கோ உடைத் துணுக்கோ, இருக்கலாம் என்பது மாமாவின் எண்ணம். அந்தக் காலத்துச் சில சுரூபங்களில் அப்படி வைப்பது உண்டு. எங்கள் வீட்டு இளவட்டங்களுக்குத் திறந்து பார்க்க ஆசை. நான் விடவில்லை. திருப்பண்டத்தை நூலால் கட்டி அரக்கு முத்திரை வைத்திருப்பார்கள். முத்திரை உடைந்தால் அது உண்மையானது என்பதற்கு இருக்கிற ஒரே அடையாளமும் போய்விடும். பங்குச்சாமியிடம் கேட்டேன். திருச்சபை அதிகாரியின் சான்றிதழ் இல்லாமல் எந்தத் திருப்பண்டத்தையும் சனங்களுடைய பொது வணக்கத்துக்கு வைக்கக் கூடாது என்று 2017இல் உரோமையிலிருந்து வந்த அறிவுறுத்தலைச் சொன்னார். வீட்டில் பக்தியோடு வைத்துக்கொள்ளத் தடையில்லை. அதனால் நான் யாரிடமும் உள்ளே திருப்பண்டம் இருக்கிறது என்று சொல்லிக் கொடுப்பதில்லை. பாடுபட்ட ஆண்டவருடைய சுரூபம், அவ்வளவுதான். அதுவே அவர்களுக்குப் போதும்.

விற்பது பற்றி ஒரு வார்த்தை. பழம்பொருள் வியாபாரி ஒருவர் எப்படியோ கேள்விப்பட்டு வந்து ஒரு தொகை சொன்னார். திருப்பண்டங்களை விற்கவே கூடாது என்கிறது சட்டம் 1190. மந்திரித்த சுரூபத்தையோ செபமாலையையோ விற்றுவிட்டால் அதோடு சேர்ந்த பலனும், அதாவது பாவத்துக்குரிய தண்டனையைக் குறைக்கத் திருச்சபை தரும் சலுகையும், நின்றுபோகும். அன்பளிப்பாகக் கைமாறினால் அந்தக் குறை இல்லை. ஆகவே இந்த மாதிரிப் பொருளுக்கு விலையே பேசாதீர்கள்.

கனடாவில் இருக்கும் பெரியம்மா மகன், அங்கே நல்ல கண்ணாடிப் பேழையில் வைத்துப் பாதுகாப்பதாகச் சொன்னார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள், கைவினைப்பொருள் எதையும் தனியார் யாரும் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டு போக முடியாது. 1972இல் வந்த தொல்பொருள் சட்டம் இருக்கிறது. வயது குறைவு என்றால் தொல்லியல் துறையில் காட்டி, தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்கலாம். வாங்காமல் பெட்டியில் போட்டுக்கொண்டு போனால் விமான நிலையத்தில் பறிமுதல் ஆகும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

சுத்தம் செய்வதில் நம் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. பித்தளை என்றதும் புளியைத் தேடுவோம். புளி, எலுமிச்சை, கடையில் விற்கும் பாலிஷ் எதுவும் வேண்டாம். பளபளப்பு வரும், கூடவே தேய்ந்த முகத்தில் மிச்சமிருக்கிற கோடுகளும் போகும். ஈரம் பித்தளைக்கும் மரத்துக்கும் நடுவில் இறங்கிப் பச்சைக் களிம்பு பிடிக்கும். உலர்ந்த பருத்தித் துணியும், மூலைமுடுக்குக்கு மிருதுவான பல்துலக்கியும் போதும். பிளாஸ்டிக் பையில் கட்டி நாள்கணக்கில் வைக்காதீர்கள், பெங்களூர் மழைக்கு உள்ளே வியர்த்துவிடும். கஞ்சி போடாத காடாத் துணியில் சுற்றி, மருந்துப் புட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள் இரண்டைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இனி, இது எதற்காக வந்ததோ அந்தக் காரியம். தெரிந்தவர் வீட்டில் யாராவது கடைசிக் கட்டத்தில் இருக்கிறார் என்றால் நானே எடுத்துக்கொண்டு போகிறேன். போனதும் முதல் கேள்வி, சாமியாரைக் கூப்பிட்டீர்களா என்பதுதான். பூசும் அதிகாரம் குருவுக்கு மட்டுமே உண்டு. நம் சனங்களிடம் ஒரு பயம் இருக்கிறது. சாமியார் வந்தால் நோயாளி நம்பிக்கை இழந்துவிடுவார் என்று தள்ளிப்போட்டு, நினைவு தப்பியபின் ஓடுகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது: சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமான அருட்சாதனம் இல்லை இது, நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே பெற வேண்டியது. பேச்சு இருக்கும்போது கூப்பிட்டால் பாவசங்கீர்த்தனமும் செய்ய முடியும்.

குரு வந்து சேர முடியாமல் போனாலும் திருச்சபை அந்த ஆத்துமத்தைக் கைவிடுவதில்லை. வாழ்நாளில் ஏதாவது செபம் சொல்லும் வழக்கம் இருந்து, நல்ல மனநிலையோடு இருப்பவருக்கு மரண வேளையில் பரிபூரண பலன், அதாவது அந்தத் தண்டனை முழுவதும் நீங்கும் சலுகை, உண்டு. அந்த நேரத்தில் சிலுவையையோ பாடுபட்ட சுரூபத்தையோ பயன்படுத்துவது நல்லது என்றும் திருச்சபை சொல்கிறது. மாமா இதை என்னைத் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்து மனப்பாடம் செய்யவைத்தார்.

சுரூபத்தை மூச்சு வாங்குகிறவர்களின் நெஞ்சின்மேல் வைக்காதீர்கள், பித்தளை கனக்கும். கையில் கொடுங்கள். பிடிக்கத் தெம்பில்லை என்றால் கண்ணுக்கு நேராக, தலையைத் திருப்பாமல் பார்க்கும்படி வையுங்கள். ஆக்சிஜன் ஓடுகிற அறையில் மெழுகுவத்தி கொளுத்தவே கூடாது. பேட்டரி மெழுகுவத்தி ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். நீளமான செபங்கள் வேண்டாம். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம், மாதாவிடம் வேண்டும் கிருபை தயாபத்து, அப்புறம் 'சேசு, மரி, சூசை' என்று மெதுவாகக் காதோரம். நினைவில்லாதவர்போல் கிடந்தாலும் காது கேட்கக்கூடும் என்று நர்ஸ்கள் சொல்வார்கள், அதனால் அடக்கச் செலவையும் சொத்துப் பேச்சையும் அந்த அறையில் எடுக்காதீர்கள். முத்தி செய்வதற்குப் பதிலாக விரலால் பாதத்தைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கொரோனா வந்த 2020இல் பெரிய வெள்ளிச் சிலுவையையே குரு மட்டும் முத்தி செய்யலாம் என்று உரோமை சொன்னதே, நோயாளி பக்கத்தில் அந்தக் கவனம் எப்போதும் வேண்டும்.

லிங்கராஜபுரத்தில் ஒரு பாட்டி. ரசல் மார்க்கெட் பக்கத்தில் காலமெல்லாம் பூக்கட்டி விற்றவர். பேச்சு நின்றுவிட்டது, கண்ணும் திறக்கவில்லை. சுரூபத்தைக் கையில் வைத்ததும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாக அசைந்து, தேய்ந்துபோன அந்தப் பாதங்களைத் தேடிக் கண்டுபிடித்தன. பிறகு பூத்தொடுப்பதுபோல அங்கேயே உருட்டிக்கொண்டிருந்தன. மகள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு நெனவு இருக்கு அக்கா" என்று சொல்லி உடனே செபமாலையை எடுத்தாள். அதுவரை அந்த அறையில் யாருக்கும் செபம் சொல்லத் தோன்றவில்லை, எல்லோரும் டாக்டரின் போனுக்குக் காத்திருந்தார்கள். தேய்ந்த இடத்தை ஏன் நிரப்பிச் சரிசெய்யக் கூடாது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பாட்டியைத்தான்.

சுரூபம் அடுத்த தெருவில் மங்களூர்க்காரர் வீட்டுக்கும் போயிருக்கிறது. அவர்கள் கொங்கணியில் செபித்தார்கள். மாமாவின் கடைசி நாள்களில் அவர் கையிலும் இருந்தது. அவரைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த அதே வாரத்தில் இன்னொரு வீட்டிலிருந்து கேட்டார்கள், கொண்டு போனேன்.

ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே தயாராக இருங்கள். பாசத்தில் வீட்டார் சுரூபத்தைப் பிணப்பெட்டிக்குள் வைத்து அனுப்ப நினைப்பார்கள். துக்க வீட்டில் திருப்பிக் கேட்க நாக்கு வராது. அதனால் பசிலிக்கா பக்கத்துக் கடையில் சின்ன மரச்சுரூபங்கள் வாங்கி, பங்குச்சாமியிடம் மந்திரித்து வைத்திருக்கிறேன். போகும்போதே அதிலொன்றைக் கொடுத்து, "பெட்டியில வைக்க இது, பெரியது கடைசி வரைக்கும் கையில இருக்க" என்று சொல்லிவிடுவேன். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

எனக்குப் பின் யாரிடம் போக வேண்டும் என்பதையும் மாமா எழுதிய மாதிரியே எழுதி வைத்துவிட்டேன். அண்ணன் மகள் நர்ஸ், இரவு டூட்டி பார்க்கிறவள். சம்மதம் கேட்டபோது அவள் திருப்பிக் கேட்டாள்: "அத்தை, ஐசியூவுல இத உள்ள விடமாட்டாங்களே, என்ன பண்றது?" அது எனக்குத் தோன்றாத கேள்வி. அவளே தன் வார்டுப் பொறுப்பாளரிடம் பேசினாள். மரமும் இடுக்குகளும் உள்ள பொருளைக் கிருமி நீக்க முடியாது, ஆனால் வாய் ஒட்டும் தெளிவான புதுக் கவருக்குள் போட்டு, கவரின் மேல்பக்கத்தைத் துடைத்துக் கொண்டுவந்தால் அனுமதிக்கலாம் என்றார்களாம். வெளியே வந்ததும் கவரைப் பிரித்துவிட வேண்டும், மறுமுறைக்கு வேறு கவர். இப்போது காடாத் துணியோடு அந்தக் கவர்களும் பையில் இருக்கின்றன.